நிக்காஹுக்கு ஒரு வாக்கியம்

நான் படித்த படிப்பின் பெயரைச் சொன்னால் எங்கள் ஊரில் யாருக்கும் விளங்காது. காது கேட்காதவர்களுக்கும் பேச்சு வராதவர்களுக்கும் பயிற்சி கொடுக்கிற படிப்பு என்று விளக்கிச் சொன்னால், "பேசுறதுக்குப் போயி ஒரு படிப்பா? நீ பேசுற பேச்சுக்குச் சும்மாவே பட்டம் குடுத்திருக்கலாமேடி" என்பாள் என் அத்தை. என் வாய் அப்படி. கொடைரோட்டுப் பக்கம் மல்லிகை போடுகிற வீட்டில் பிறந்தவள். இந்த வாயை வைத்துக்கொண்டு இவளை எவன் தலையில் கட்டுவது என்று அம்மா கவலைப்பட்டுக்கொண்டிருந்த நேரத்தில், நான் பேச்சையே தொழிலாக எடுத்துக்கொண்டேன்.

நாலு வருஷப் படிப்பு. அதில் கடைசி ஒரு வருஷம் கட்டாயப் பயிற்சி. அதை முடிக்காமல் பட்டம் கையில் வராது. கல்லூரி எந்த ஊருக்குப் போகச் சொல்கிறதோ அந்த ஊருக்குப் பையைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். கொஞ்ச நாள் காது மூக்கு தொண்டைப் பிரிவு, கொஞ்ச நாள் சிறப்புப் பள்ளி, கொஞ்ச நாள் முகாம். ஒரு இடத்தில் வேர் பிடிப்பதற்குள் பிடுங்கி அடுத்த இடத்தில் ஊன்றுவார்கள். விவசாய வீட்டுப் பிள்ளை சொல்கிறேன், நாற்றைக்கூட ஒரு தடவைதான் பிடுங்குவார்கள். எங்களை வருஷம் முழுக்கப் பிடுங்கினார்கள். எல்லா வகை நோயாளிகளையும் பார்த்துப் பழக வேண்டும் என்பது கணக்கு. பழகிய நோயாளிக்கு என்ன ஆகும் என்பது அந்தக் கணக்கில் இல்லை.

எனக்குத் திண்டுக்கல்லில் ஒரு ஆஸ்பத்திரி கிடைத்தது. வீட்டிலிருந்தே பஸ்ஸில் போய் வரலாம் என்பதால் அம்மாவுக்குச் சந்தோஷம். எனக்கு ஒதுக்கிய அறை பிசியோதெரபி பிரிவுக்குப் பின்னால், உடைந்த வீல்சேர்களைப் போட்டு வைத்திருந்த இடம். பாதி வீல்சேர்களை நானே வெளியே தள்ளிவிட்டு ஒரு மேசையும் மூன்று நாற்காலியும் போட்டுக்கொண்டேன். வாரத்துக்கு ஒரு முறை சீனியர் மேடம் மதுரையிலிருந்து வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவார். மற்ற நாட்களில் அந்த அறைக்கு டாக்டரும் நான்தான், பெருக்குகிற ஆயாவும் நான்தான்.

அந்த அறைக்குத்தான் அவரைக் கூட்டி வந்தார்கள். அறுபதைத் தொடுகிற வயது. வெள்ளைக் கைலி, வெள்ளைச் சட்டை, தலையில் தொப்பி. பக்கவாதம் வந்து வலது கையும் காலும் துவண்டிருந்தன. மனைவி ஒரு பக்கம், மகள் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு வந்து உட்கார வைத்தார்கள். நாகல் நகரில் வீடு. தோல் மண்டி வியாபாரம். ஆட்டுத் தோலை வாங்கிப் பதனிடுகிற ஆலைகளுக்கு அனுப்புகிற தொழில்.

"இவுக வாயை வச்சுத்தாம்மா மண்டியே ஓடுச்சு" என்றார் மனைவி. "போன்ல பேசுனாகன்னா அடுத்த தெருவுக்குக் கேக்கும். மெல்லப் பேசுங்க, மெல்லப் பேசுங்கன்னு நாந்தான் கத்துவேன். என் கண்ணுதான் பட்டுப் போச்சோ என்னமோ."

நான் அவரைப் பார்த்து, "சாப்பிட்டீங்களா ஐயா?" என்று கேட்டேன்.

"ஆமா" என்றார்.

"இன்னும் சாப்பிடலையா?"

"ஆமா."

"உங்க பேர் என்ன?"

"ஆமா, ஆமா" என்று சொல்லிவிட்டு இடது கையால் நெற்றியில் அடித்துக்கொண்டார். தப்பாக வருகிறது என்று அவருக்கே தெரிந்திருந்தது. அதுதான் கொடுமை. மூளையில் பேச்சு பிறக்கிற இடம் அடிபட்டவர்களில் சிலருக்கு இப்படி ஒரே ஒரு சொல் மட்டும் ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். பசித்தாலும் அதுதான் வரும், வலித்தாலும் அதுதான் வரும், கோபம் பொத்துக்கொண்டு வந்தாலும் அதுதான் வரும். மற்றவர்கள் பேசுவது புரியும். பதிலும் உள்ளே இருக்கும். வாயைத் திறந்தால் இந்த ஒற்றைச் சொல் முந்திக்கொண்டு வந்து நிற்கும்.

எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தபடி, நோயாளிக்கு எது முக்கியம் என்று கேட்டேன். தண்ணீர் கேட்க வேண்டும், கழிவறைக்குப் போக வேண்டும் என்பது மாதிரி ஏதாவது சொல்வார்கள் என்று எதிர்பார்த்தேன். மனைவி மகளைப் பார்த்தார். மகள் எழுந்து வெளியே போய்விட்டாள்.

"ஒரே பொண்ணுங்கம்மா. ரொம்ப வருஷம் கழிச்சுத் தவமா தவமிருந்து பொறந்தவ. இவுகளுக்கு வாதம் அடிக்கிறதுக்கு முன்னாடியே கல்யாணம் பேசி முடிச்சாச்சு. எங்கள்ல பொண்ணோட அத்தாதான் சபையில மாப்பிள்ளை கையப் புடிச்சு, 'என் மகளை உங்களுக்கு நிக்காஹ் செய்து கொடுத்தேன்'னு சொல்லணும். சொன்னாத்தான் நிக்காஹ்."

"அப்பாவால சொல்ல முடியலைன்னா?"

"இவுக அண்ணன் சொல்லலாம். பள்ளிவாசல் ஹஜ்ரத்துகிட்டயும் கேட்டோம். பேச்சு வராதவுக தலையாட்டுனாலும் செல்லும்னுட்டாக. எல்லாத்துக்கும் வழி இருக்கு. ஆனா அண்ணன் பேரை எடுத்தாலே இவுக சோத்துத் தட்டைத் தூக்கி எறியிறாக. நெஞ்சுல அடிச்சு அடிச்சுக் காட்டுறாக. நாந்தான் சொல்லுவேன், நாந்தான் சொல்லுவேன்னு."

அவர் இடது கையால் தன் நெஞ்சைத் தொட்டு, "ஆமா" என்றார். அந்த ஒரு தடவை மட்டும் அந்தச் சொல் சரியான இடத்தில் வந்து விழுந்தது. சொல்ல வைத்துவிடலாம் என்று அவசரப்பட்டுச் சொல்லிவிட்டேன். இருபத்திரண்டு வயதில் வேறு என்ன சொல்வேன்?

எங்கள் படிப்பில் ஒரு முறை உண்டு. பேச்சுக்கான இடம் அடிபட்டாலும் பாட்டுக்கான இடம் பல பேருக்குத் தப்பித்திருக்கும். அதனால் ஒரு வாக்கியத்தை ராகம் போட்டு இழுத்து, ஒவ்வொரு அசைக்கும் நோயாளியின் இடது கையில் ஒரு தட்டுத் தட்டி, சேர்ந்து சொல்ல வைக்க வேண்டும். முதலில் இரண்டு பேரும் ஒன்றாகச் சொல்வோம். பிறகு நான் உதட்டை மட்டும் அசைப்பேன். அதற்கும் பிறகு முதல் எழுத்தை மட்டும் எடுத்துக் கொடுத்துவிட்டுக் கையைத் தட்டுவேன். கடைசியில் என் விரலும் விலக வேண்டும். அவரே தன் தொடையில் தட்டிக்கொண்டு தானாகச் சொல்ல வேண்டும். அந்தக் கடைசிப் படிக்கு வந்தால்தான் பேச்சு அவருடையது. அதுவரை பாதிப் பேச்சு என்னுடையது.

தொடங்கினோம். 'என் மகளை' என்பது சீக்கிரமே கூட வந்துவிட்டது. 'உங்களுக்கு' என்கிற இடத்தில் மூச்சு முட்டி, 'ஆமா' குறுக்கே வந்து விழும். 'நிக்காஹ்' என்பதில் கடைசி எழுத்தை நான் சொல்கிற லட்சணத்தைப் பார்த்து அவருக்குச் சிரிப்பு வந்துவிடும். வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டு, தோள் குலுங்கச் சிரிப்பார். "என்னங்கய்யா, உங்களுக்குப் பேச்சு வரலைன்னு நான் வந்தா, என் பேச்சை நீங்க கேலி பண்றீங்களா?" என்பேன். அதற்கும் ஒரு ஆமா. சீனியர் மேடம் ஒரு நாள் வந்து பார்த்துவிட்டு, "எதுக்கு இவ்வளவு நீளமா? 'தண்ணி', 'பசி', 'வலி'ன்னு சின்னச் சொல்லா ஆரம்பி" என்றார். மேடம் சொன்னது பாடப்படி சரி. ஆனால் அந்த மனுஷன் தண்ணீருக்காகத் தட்டை எறியவில்லையே. மேடம் போனதும் நான் பழையபடி வாக்கியத்துக்கே வந்துவிட்டேன்.

தினமும் வந்தார்கள். மழை என்றாலும் ஆட்டோ பிடித்து வந்தார்கள். சில நாள் நான் கத்திவிடுவேன். "அவசரப்படாதீங்கய்யா, மூச்ச விடுங்க முதல்ல!" அவரும் சும்மா இருக்க மாட்டார், மேசையில் ஓங்கி அடிப்பார். இரண்டு பேரும் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். அவர் மனைவி பிளாஸ்க்கைத் திறந்து இருவருக்கும் டீ ஊற்றிக் கொடுத்துச் சமாதானம் செய்வார். செத்த நேரம் கழித்து அவரே இடது கையை மேசைமேல் நீட்டுவார், தட்டு என்று.

வாக்கியம் முழுதாக வந்த அன்று மகள்தான் கூட வந்திருந்தாள். கல்லூரி முடித்த பெண், என்னைவிட ஒரு வயது சின்னவள், என்னை அக்கா என்பாள். நான் 'எ' என்று மட்டும் எடுத்துக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன். விரல் மட்டும் அவர் புறங்கையில் தட்டிக்கொண்டே போனது. என் மகளை. உங்களுக்கு. நிக்காஹ். செய்து. கொடுத்தேன். கரகரத்த, கனத்த குரல். அந்தக் குரல் எப்படி இருக்கும் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. மகள் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள். நான் வெட்கமில்லாமல் அழுதேன். அவர் மட்டும் அழவில்லை. இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று கையைக் காட்டிக்கொண்டே இருந்தார்.

அதற்கப்புறம் நான் தட்டினால் வாக்கியம் வந்தது. பத்துக்கு எட்டு முறை வந்தது. இனி விரலை விலக்க வேண்டும். அதுதான் கடினமான பகுதி, அதற்குத்தான் நாள் பிடிக்கும். அந்த நேரம் பார்த்து என் அடுத்த போஸ்டிங்குக்கான உத்தரவு வந்தது. பழனி ரோட்டில், ஆயக்குடி தாண்டி ஒரு சிறப்புப் பள்ளி. திங்கட்கிழமை காலையில் போய்ச் சேர வேண்டும்.

கல்லூரி ஒருங்கிணைப்பாளருக்குப் போன் போட்டேன். "சார், ஒரே ஒரு மாசம் இங்கேயே இருந்துக்கறேன் சார். இந்த நோயாளிக்கு மக கல்யாணம் வருது சார்."

"ஏம்மா, எல்லாப் போஸ்டிங்கும் முடிச்சாத்தான் உனக்குப் பட்டம். நோயாளி ஆஸ்பத்திரிக்குச் சொந்தம், உனக்குச் சொந்தமில்ல. அடுத்து வர்ற பையன் பாத்துக்குவான்."

அந்த மனுஷன் கெட்டவர் இல்லை. எங்கள் ஐம்பது பேருடைய போஸ்டிங்கையும் கட்டி மேய்க்கிறவர், ஒருத்திக்கு வளைந்து கொடுத்தால் ஊரே வந்து நிற்கும். புத்திக்குப் புரிந்தது. வயிறு எரிந்தது. அந்த அடுத்த பையன் கடைசி வரை வரவே இல்லை. கல்லூரிக்குப் பக்கத்திலேயே வேறு எங்கோ அவனைப் போட்டுவிட்டார்களாம். நான் தள்ளி வைத்த வீல்சேர்கள் மறுபடி அந்த அறைக்குள் வந்துவிட்டன என்று பிசியோதெரபி அக்கா ஒருத்தி போனில் சொன்னாள்.

பயிற்சி மாணவர்கள் நோயாளி வீட்டுக்குப் போய் வைத்தியம் பார்க்கக் கூடாது என்று விதி இருக்கிறது. விருந்தாளியாகப் போகக் கூடாது என்று இல்லையே! ஞாயிற்றுக்கிழமைகளில் ஆயக்குடிப் பக்கத்திலிருந்து பஸ் பிடித்துத் திண்டுக்கல் வந்து, ஆட்டோவில் நாகல் நகர் போனேன். அவர் எனக்காகக் குளித்துச் சட்டை மாற்றிக் காத்திருப்பார். ஆனால் வாரம் ஒரு நாளில் விரலை விலக்க முடியவில்லை. தன் தொடையில் தானே தட்டிக்கொள்ளச் சொன்னால், தாளம் அழகாக வரும், வாயில் 'ஆமா'தான் வரும். என் விரல் பட்டால் வாக்கியம் வரும். மனைவி தட்டிப் பார்த்தார். அவருக்குக் கூச்சம், இவருக்குச் சிரிப்பு, ஒன்றும் நடக்கவில்லை. என் விரலில் அப்படி என்னதான் இருக்கிறது என்று எனக்கே எரிச்சலாக வந்தது.

கல்யாணத்துக்கு முந்தின ஞாயிறு நான் கையைப் பிசைந்துகொண்டு நின்றதைப் பார்த்து அவர் மனைவிதான் தேற்றினார். "ஏன் டாக்டரம்மா இம்புட்டு விசாரப்படுறீக? அன்னைக்கு நீங்கதான் அவுக பக்கத்துல உக்காந்து தட்டப் போறீக. அப்புறமென்ன?"

அட, ஆமாம்! தட்டினால் வருகிறது. நான் போய்த் தட்டிவிடுகிறேன். எனக்கு மனபாரம் இறங்கிவிட்டது. அவருக்கும் முகம் தெளிந்தது. மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அத்தாவோட இந்தப் பக்கம் உக்காருங்கக்கா, மாப்பிள்ளை அந்தப் பக்கம் வலது கையப் புடிச்சுக்கட்டும்" என்று இடம்கூடச் சொல்லிவிட்டாள். நாலு பேரும் சேர்ந்து பேசினோம். ஒருத்தருக்கும் அது தோன்றவில்லை.

எனக்கு ஏன் தோன்றவில்லை என்றால், நான் பார்த்த கல்யாணம் எல்லாம் எங்கள் ஊர்க் கல்யாணம். தாலி கட்டும்போது சின்னப் பிள்ளை, பெரிய மனுஷி எல்லாரும் மணமேடையைச் சுற்றி அப்பிக்கொண்டு நிற்போம், போட்டோக்காரன் எங்களைத் தள்ளித் தள்ளியே ஓய்ந்து போவான். ஒரு கல்யாணத்தில் பெண்களுக்கென்று தனிக் கூடம் இருக்கும் என்பதே என் புத்தியில் இல்லை. அவர்களுக்கு ஏன் தோன்றவில்லை என்பது கல்யாணத்தன்றுதான் தெரிந்தது.

அன்று அம்மாவின் பட்டுச் சேலையைக் கட்டிக்கொண்டு போனேன். மண்டப வாசலில் அவருடைய அண்ணன் நின்று எல்லாருக்கும் பன்னீர் தெளித்துக்கொண்டிருந்தார். நான் யார் என்று அவருக்குத் தெரியும், வீட்டில் பார்த்திருக்கிறார்.

"வாங்கம்மா, வாங்க வாங்க. லேடீஸ் எல்லாம் மாடியில. அந்தப் படி வழியாப் போங்க."

"இல்லைங்க, நான் ஐயா பக்கத்துல உக்காரணும். நான் தட்டுனாத்தான் அவருக்கு அந்த வாக்கியம் வரும்."

அவர் பன்னீர்ச் செம்பைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார். அவரிடம் யாரும் சொல்லவில்லை. தம்பிக்குப் பேச்சு வந்துவிட்டது, அவனே சொல்லிவிடுவான் என்று மட்டும்தான் வீட்டில் சொல்லியிருந்தார்கள். கதவு வழியாகக் கீழ்க் கூடம் தெரிந்தது. கூடம் முழுக்க ஆண்கள். வெள்ளைத் தொப்பிகள். ஒரு பெண்பிள்ளை இல்லை. தூரத்தில் மேடையில், மாப்பிள்ளைக்கு எதிரே ஐயா உட்கார்ந்திருந்தார். வாசல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அங்கன பூராவும் ஆம்பளைகளா உக்காந்திருக்காகம்மா. மாப்பிள்ளை வீட்டாளுக வேற. நான் எப்படிம்மா உங்களக் கூட்டிட்டுப் போவேன்?" கோபமாகக் கேட்கவில்லை. கெஞ்சினார்.

"ஹஜ்ரத்துகிட்ட ஒரு வார்த்தை கேளுங்க. ரெண்டு நிமிஷம். தட்டிட்டு ஓடிப் போயிர்றேன்."

"நிக்காஹ் குத்பா ஓத ஆரம்பிச்சுட்டாகம்மா. நடுவுல போயி நான் எப்படிப் பேசுவேன்?"

மனைவி மாடியிலிருந்து ஓடி இறங்கி வந்தார். நடந்ததைக் கேட்டதும் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "நீங்க டாக்டராச்சேம்மா. டாக்டருக்கு எல்லா எடத்துலயும் வழி விடுவாகன்னுதான் நெனச்சேன். பொம்பளைப் பிள்ளைன்னு நெனப்பே வரலையேம்மா" என்றார். அவரை எப்படிக் குறை சொல்வது? எனக்கு அந்த வராத பையன் ஞாபகம் வந்தது. அவன் வந்திருந்தால், அவன் கை பழகியிருந்தால், ஒரு தொப்பியை மாட்டிக்கொண்டு நேராக மேடைக்கே போய் உட்கார்ந்திருப்பான். யார் தடுத்திருப்பார்கள்?

அண்ணனின் இடது கையைப் பிடித்துப் படிக்கட்டிலேயே தட்டிக் காட்டினேன். "முதல்ல 'எ'ன்னு மட்டும் எடுத்துக் குடுங்க. அப்புறம் வாயத் தொறக்காதீங்க. அசைக்கு ஒரு தட்டு. மெதுவா. அவர் முகத்தப் பாத்துக்கிட்டே தட்டுங்க. வேகமாத் தட்டுனா வராது." அவர் தலையை ஆட்டினார். கை வேர்வையில் வழுக்கியது. உள்ளே குத்பா முடிகிற மாதிரி இருந்தது. செம்பை என் கையில் திணித்துவிட்டு அவர் ஓடினார். அந்தச் செம்போடுதான் நான் மாடிக்குப் போனேன்.

மாடியில் பெண்கள் கூடம். பிள்ளைகளின் இரைச்சல், அத்தர் வாசனை. மகள் மேடையில் பூச்சரங்களுக்குள் முகம் தெரியாமல் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் பூவை விலக்கினாள். நான் மாடியில் நிற்கிறேன் என்பதிலேயே அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. சுவரில் மாட்டியிருந்த ஸ்பீக்கரில் கீழே நடப்பது கேட்டது.

"இப்ப பொண்ணோட அத்தா சொல்லுவாங்க" என்றார் ஹஜ்ரத்.

கூடம் அமைதியானது. மைக் பக்கத்தில் இருந்ததால் தட்டுகிற சத்தம்கூடக் கேட்டது. டக் டக் டக் டக் என்று வேகமாக, பதற்றமாக. மெதுவாத் தட்டுங்க, மெதுவாத் தட்டுங்க என்று நான் ஸ்பீக்கரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்த பெண் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். அண்ணனின் கிசுகிசுப்பு வந்தது: "என் மகளைன்னு சொல்லுடா. சொல்லுப்பா. என் மகளை உங்களுக்கு. சொல்லுப்பா." பிறகு ஒன்றுமில்லை. யாரோ இருமினார்கள். மூச்சு வாங்குகிற சத்தம் மட்டும் வந்துகொண்டே இருந்தது. அந்த மூச்சு எனக்குத் தெரியும். உள்ளே வாக்கியம் இருக்கிறது, வாசல் திறக்கவில்லை.

ஹஜ்ரத் மிகவும் தன்மையாகக் கேட்டார். "பரவாயில்லை பாய். உங்க மகளை இவருக்கு நிக்காஹ் செய்து கொடுக்க உங்களுக்குச் சம்மதம்தானே?"

"ஆமா" என்றது ஸ்பீக்கர். "ஆமா. ஆமா."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார் ஹஜ்ரத். கீழே கூடம் முழுக்க அதைத் திருப்பிச் சொன்னது. மாப்பிள்ளை ஒப்புக்கொண்டேன் என்றார். மாடியில் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். "மாஷா அல்லா, வாதம் அடிச்ச மனுஷன், தன் வாயாலேயே சம்மதம் சொல்லிட்டாரே!" ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டார்கள். யாரோ என்னைக் காட்டிக் கொடுத்துவிட்டார்கள். "நீங்கதானா அந்த டாக்டர் பொண்ணு? பேச வச்சிட்டீங்களே, நல்லா இருப்பீங்க" என்று முன்பின் தெரியாத பெண்கள் வந்து என் கன்னத்தைத் தடவினார்கள். நான் சிரித்தேன். பன்னீர்ச் செம்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் பிடித்துக்கொண்டே நின்றேன்.

அந்தச் சொல் எப்படிப்பட்டது என்று அந்த மண்டபத்தில் எங்களுக்குத்தான் தெரியும். மனைவிக்கு, மகளுக்கு, எனக்கு. எல்லாரையும்விட நன்றாக அவருக்கு. பசிக்கும் வலிக்கும் கோபத்துக்கும் வருகிற அதே சொல். அது சம்மதம் இல்லை, அவர் சொல்ல வந்ததை மறித்துக்கொண்டு நின்ற சொல்.

பிரியாணியில் கை வைத்தேன், இறங்கவில்லை. சாயங்காலம் பெண்ணை அனுப்புகிற நேரம் வந்தது. மாடியில் ஒரு சின்ன அறையில் மகளை உட்கார வைத்திருந்தார்கள். அண்ணன் அவரைத் தாங்கிப் பிடித்து மேலே கூட்டி வந்து அவள் எதிரில் நாற்காலியில் உட்கார வைத்தார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல், "நான் வேகமாத் தட்டிட்டேன் போலம்மா" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். அறையில் நாங்கள் நாலு பேர் மட்டும் இருந்தோம். அவரும், மனைவியும், மகளும், நானும்.

மகள் அவர் மடியில் முகத்தை வைத்து அழுதாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "அக்கா, தட்டுங்கக்கா. எனக்கு மட்டும். நான் கேட்டுட்டுப் போறேன்."

எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது. இந்த அறையிலாவது, இவள் ஒருத்தி காதிலாவது அது விழட்டும். அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். அவருடைய இடது கையை எடுத்து என் முழங்கால்மேல் வைத்துக்கொண்டேன். 'எ' என்று எடுத்துக் கொடுக்க வாயைத் திறந்துவிட்டேன். விரலும் புறங்கையில் பட்டுவிட்டது.

அவர் கையை இழுத்துக்கொண்டார்.

வெடுக்கென்று இழுக்கவில்லை. சாவகாசமாக எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். என் முகத்தைப் பார்த்தார். கோபம் இல்லை. மேசையில் அடிப்பாரே, அந்த மாதிரி எதுவும் இல்லை.

"வேணாம்" என்றார்.

மனைவி வாயைப் பொத்திக்கொண்டார். மகள் அழுகையை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தாள். என் காதில் விழுந்தது சரிதானா என்று எனக்கே சந்தேகம் வந்தது. யாரும் எடுத்துக் கொடுக்காமல், யாரும் தட்டாமல், சொல்ல நினைத்த சொல் சொல்ல நினைத்த இடத்தில் வந்திருந்தது. எங்கள் படிப்பு முழுக்க அதற்காகத்தான். இரண்டு மாதமாக அந்த ஒன்றுக்காகத்தான் அவர் கையைத் தட்டித் தட்டி என் விரல் காய்த்துப் போயிருந்தது.

"அத்தாவுக்குப் பேச்சு வந்திருச்சு" என்றாள் மகள். அதில் சந்தோஷம் இல்லை. யாராவது அதை மறுத்துச் சொல்ல வேண்டும் என்பது போலச் சொன்னாள். அவர் இடது கையை அவள் தலையில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். உதடு அசைந்தது. துஆ ஓதுகிறார் என்று நினைக்கிறேன். எனக்குக் கேட்கவில்லை.

கீழே வண்டி வந்துவிட்டது என்று கூப்பிட்டார்கள். எல்லாரும் இறங்கினோம். மறுநாள் காலை நான் ஆயக்குடிப் பள்ளியில் இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வரட்டுமா என்று மனைவியிடம் கேட்டேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இனிமே எதுக்கும்மா?" என்றார்.